உலக்கை பிடித்த கை யாருடையது? அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் உணவும் இனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக, அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் பழைய சமையல் புத்தகங்களைப் படித்துவருகிறேன். கறுப்பின மக்கள் தாங்களே எழுதியவை, அவர்கள் சமைக்க வேறொருவர் எழுதியவை என்று இரண்டு வகையும் உண்டு. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்களும் மாணவர்களும் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சமையல் புத்தகத்தில் இன வரலாறு எங்கே இருக்கிறது? உப்பு, புளி, காரம்தானே இருக்கும்?

வினைச்சொல்லில் இருக்கிறது. 1824இல் மேரி ராண்டால்ஃப் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி ‘தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்’ என்ற நூலை வெளியிட்டார். அமெரிக்கத் தென்பகுதிச் சமையலை அச்சில் ஏற்றிய முதல் நூல் என்று பலரும் இதைத்தான் சொல்வார்கள். அதில் அப்போக்வினிமிங்க் கேக் என்று ஒரு பலகாரம் வருகிறது. பெயர்தான் கேக், உண்மையில் மெல்லிய பிஸ்கட் மாதிரி. ஒரு குவார்ட் மாவு, கொஞ்சம் உப்பு, அடித்த முட்டை ஒன்று, நான்கு அவுன்ஸ் வெண்ணெய், பிசையப் புதுப் பால். அடுத்த வரி: மாவை உலக்கையால் அரை மணி நேரம் இடிக்கவும். அப்புறம் மெல்லியதாகத் தேய்த்து, வட்டமாக வெட்டி, கம்பித் தட்டில் கருகாமல் சுட வேண்டும்.

‘இடிக்கவும்.’ நம் சமையல் குறிப்புகளிலும் இதே ‘வும்’தான்: வதக்கவும், கிளறவும், இறக்கவும். செய்பவர் யார் என்று அந்தச் சொல் வாய் திறப்பதில்லை. ராண்டால்ஃப் வர்ஜீனியாவின் பெரிய தோட்ட முதலாளிக் குடும்பத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் ரிச்மண்ட் நகரில் விடுதி நடத்தியவர். அந்த வீடுகளில் அடுப்படி வேலை அடிமைகளுடையது. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு தட்டு பிஸ்கட் போவதற்கு முன்னால், அடுப்படியில் ஒரு கறுப்பினப் பெண்ணோ ஆணோ அரை மணி நேரம் உலக்கை போட்டிருக்கிறார். பேக்கிங் பவுடர் இல்லாத காலம். மாவு பொலபொலவென்று வருவதற்கு மனிதத் தோள்தான் வழி. அந்தத் தோள் யாருடையது என்று புத்தகம் சொல்லவில்லை. அதற்காக வேறு தாள்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்: எஸ்டேட் கணக்குகள், உயில்கள், வாழ்க்கைக் குறிப்புகள், கறுப்பினச் சமையல்காரர்களே எழுதிய நூல்கள். பல்கலைக்கழக நூலகத்தின் அருமை இதில்தான். எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும்.

எந்தெந்த நூலகங்களில் இப்படிப்பட்ட சேகரிப்புகள் இருக்கின்றன?

நான் அதிகம் புழங்குவது நான்கைந்து இடங்களில். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் ப்ளூஸ்டைன் லாங்கோன் சமையல் ஆவணக் காப்பகம் இருக்கிறது. லாங்கோன் பழைய சமையல் புத்தகங்களை விற்றும் வாங்கியும் ஆயுள் முழுக்கச் சேர்த்தவர். அவர் கொடுத்த புத்தகங்கள்தான் அதன் அடித்தளம். அலபாமா பல்கலைக்கழகத்தில் டேவிட் வாக்கர் லப்டன் சேகரிப்பு. கறுப்பின அமெரிக்கர்களின் சமையல் நூல்கள் மட்டும் சுமார் 450 அங்கே இருக்கின்றன. மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் வேறு, மிஷிகன் பல்கலைக்கழகம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னது ‘ஃபீடிங் அமெரிக்கா’ என்ற திட்டத்தில் 76 பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றியது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம், அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள் எழுதிய வாழ்க்கை வரலாறுகளை இலவசமாகப் படிக்கக் கொடுக்கிறது. ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகம், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உணவியல் சேகரிப்பு இரண்டும் பெரியவை.

கறுப்பினம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சான் அன்டோனியோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 2,000க்கு மேற்பட்ட மெக்சிகோ சமையல் நூல்கள் இருக்கின்றன. 1789இல் எழுதிய கையெழுத்து நோட்டும் அதில் ஒன்று. எல்லை தாண்டிக் கனடாவில், டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் ஒரே மனிதர் சேர்த்த சீன உணவக மெனு அட்டைகள் சுமார் 10,000. மெனு அட்டையில் என்ன வரலாறு என்று தோன்றலாம். 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரத் தடை போட்டது. வியாபாரிகளுக்கு மட்டும் விலக்கு. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, உணவக முதலாளிகளையும் வியாபாரிகள் என்று ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் சீன உணவகங்கள் மளமளவென்று பெருகின. ஊருக்கு ஊர் சாப் சூயி கடை வந்ததில் நாக்குருசிக்கு இருந்த பங்கு இந்தச் சட்டத்துக்கும் இருந்தது.

மலிண்டா ரஸ்ஸல் பெயரை எல்லோரும் சொல்கிறார்களே, யார் அவர்?

கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி, இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் சமையல் நூல்களில் மிகப் பழையது அவருடையது. 1866இல், மிஷிகன் மாநிலத்தில் பா-பா என்ற சிற்றூரில் அச்சானது. நாற்பது பக்கம்கூட வராது. ஆனால் 250க்கு மேற்பட்ட குறிப்புகள். உலகத்தில் தெரிந்தவரை ஒரே ஒரு மூலப்பிரதிதான் தப்பியிருக்கிறது. 2000ஆம் ஆண்டுவாக்கில் லாங்கோன் கைக்கு வந்து, இப்போது மிஷிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதுவரை, 1881இல் வந்த இன்னொரு நூலைத்தான் முதல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மெல்லிய புத்தகம் வரலாற்றைப் பதினைந்து வருடம் பின்னால் நகர்த்திவிட்டது.

முதல் பக்கங்களில் தன் கதையைத் தானே சொல்கிறார். டென்னஸியில் பிறந்தவர். அவருடைய தாய்வழிக் குடும்பம் விடுதலை பெற்றது. அதனால் இவர் பிறப்பிலேயே அடிமை அல்ல. 19 வயதில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் குடிபோகலாம் என்று கிளம்புகிறார். வழியில் கூட வந்த ஒருவரே பணத்தைத் திருடிவிட, வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் தங்கிச் சமையல் வேலைக்குப் போகிறார். திருமணமாகி நான்கே வருடத்தில் கணவர் இறந்துபோகிறார். உடல் ஊனமுற்ற ஒரு மகன். துணி வெளுத்துப் பிழைக்கிறார். டென்னஸிக்குத் திரும்பி விடுதி நடத்துகிறார், பிறகு சுமார் ஆறு வருடம் பேஸ்ட்ரி கடை. சிக்கனமாக இருந்து மகனுக்கும் தனக்குமாக ஒரு தொகை சேர்த்துவைக்கிறார். 1864 ஜனவரி 16, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஆயுதக் கும்பல் ஒன்று வந்து அவ்வளவு பணத்தையும் கொள்ளையடித்துப் போகிறது. இரண்டாவது தடவை. உயிருக்குப் பயந்து மிஷிகனுக்கு வருகிறார். புத்தகம் போடுவதற்குக் காரணத்தையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: விற்று வரும் பணத்தில் ஊர் திரும்பி, இழந்த சொத்தில் கொஞ்சமாவது மீட்க வேண்டும்.

நான் முதல் தடவை இதைப் படித்தபோது குறிப்புகளுக்கே போகவில்லை. அந்த முன்னுரையையே நாலைந்து முறை படித்தேன்.

அப்போது அதில் ‘சோல் ஃபுட்’ இருக்குமே? வறுத்த கோழி, கீரை, பன்றிக்கால்?

இருக்காது. அந்த நூலில் பெரும்பங்கு கேக், புட்டிங், பேஸ்ட்ரி, ஊறவைத்த பழங்கள். ரோஜாப் பன்னீர் சேர்த்த கேக் உண்டு. கூடவே சில கைவைத்தியக் குறிப்புகளும் உண்டு. பேஸ்ட்ரி கடை நடத்திய பெண் எழுதிய புத்தகம் வேறு எப்படி இருக்கும்? கறுப்பினச் சமையல் என்றால் ஏழையின் மிச்சமீதிச் சமையல் என்ற எண்ணம் நம் மனதில் எப்படியோ ஏறியிருக்கிறது. சோல் ஃபுட் என்ற பெயரே 1960களில்தான் பரவலானது. பெருமையோடு சூட்டிக்கொண்ட பெயர் அது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு பெயருக்குள் முந்தைய நூறு வருடத்தை அடைத்துவிட்டால் மலிண்டா ரஸ்ஸலுக்கு இடமில்லாமல் போகும்.

அவர் மட்டுமல்ல. ஜேம்ஸ் ஹெமிங்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனுக்கு அடிமையாக இருந்தவர். 1784இல் பாரிஸுக்கு அழைத்துப் போகப்பட்டு, பிரெஞ்சுச் சமையலை முறையாகக் கற்றவர். தன் தம்பிக்கு வேலையைக் கற்றுக்கொடுத்த பிறகுதான் 1796இல் விடுதலை கிடைத்தது. போகும் முன் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையின் அடுப்படிச் சாமான்களுக்கு அவர் கைப்பட எழுதிய பட்டியல் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல தெளிவான கையெழுத்து. ருஃபஸ் எஸ்டஸ் 1857இல் டென்னஸியில் அடிமையாகப் பிறந்தவர். புல்மன் ரயில் பெட்டிகளில் பணக்காரர்களுக்குச் சமைத்து, 1911இல் சிகாகோவில் தன் சொந்த முயற்சியில் புத்தகம் வெளியிட்டார். பாஸ்டனில் ராபர்ட் ராபர்ட்ஸ் 1827லேயே வீட்டுப் பணியாளர்களுக்கான கையேடு எழுதிவிட்டார். இவர்கள் எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள், தொழிலைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் சமையல் புத்தகம் எழுதினார் என்கிறார்களே, எப்படி?

மேலே 1881 என்று சொன்னேனே, அந்த நூல்தான். அபி ஃபிஷர் தென் கரோலினாவில் பிறந்தவர், பிறகு அலபாமாவின் மொபைல் நகரம், 1870களின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ. ஊறுகாய்க்கும் சாஸுக்கும் ஜெல்லிக்கும் கண்காட்சிகளில் பதக்கம் வாங்கியவர். தனக்கும் கணவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அவர் சொல்லச் சொல்ல, நகரத்தின் வசதியான பெண்கள் சிலர் எழுதிக்கொண்டார்கள். பெண்களே நடத்திய ஒரு கூட்டுறவு அச்சகத்தில் அச்சானது.

இந்த நூலில் எனக்கு மிகப் பிடித்தது ஓர் எழுத்துப்பிழை. ‘ஜம்பலாயா’ என்ற சோற்றுப் பண்டம் ‘ஜம்பர்லி’ என்று அச்சாகியிருக்கிறது. ‘சக்கொடாஷ்’, அதாவது சோளமும் பீன்ஸும் கலந்தது, ‘சர்க்கிட் ஹாஷ்’ ஆகிவிட்டது. எழுதிக்கொண்டவர்களுக்கு அந்தப் பெயர்கள் பிடிபடவில்லை போலும். காதில் விழுந்ததை எழுதினார்கள். 140 வருடம் கழித்து, நாம் அந்த இடத்தில் ஒரு தென்னாட்டுக் கறுப்பினப் பெண்ணின் உச்சரிப்பைக் கிட்டத்தட்டக் காதால் கேட்கிறோம். திருத்தமாக அச்சடித்திருந்தால் அந்தக் குரல் போயிருக்கும்.

அதே புத்தகத்தில் கைக்குழந்தைக்கான கஞ்சி ஒன்று வருகிறது. அதைச் சொல்லும்போது, தான் 11 பிள்ளைகளைப் பெற்று எல்லோரையும் இந்தக் கஞ்சி கொடுத்தே வளர்த்ததாகச் சொல்கிறார். அடிமைமுறை ஒழிவதற்கு முன்பே இளம்பெண்ணாக இருந்தவர் அவர். அந்தப் பின்னணியோடு அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

வெண்டைக்காய், எள், காராமணி எல்லாம் ஆப்பிரிக்கா வழியாக அமெரிக்கா போனவையா?

ஆம். அதைச் சொற்களே காட்டிக்கொடுக்கும். வெண்டைக்காய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஓக்ரா’ மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. வெண்டைக்காய் போட்ட குழம்பான ‘கம்போ’வின் பெயர் பாண்டு மொழிகளிலிருந்து வந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் எள்ளை இன்றும் ‘பென்னி’ என்பார்கள். அதுவும் மேற்கு ஆப்பிரிக்கச் சொல். எள் முதலில் பயிரானது நம் துணைக்கண்டத்தில். அங்கிருந்து ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு கரோலினா. காராமணி இதற்கு நேர் எதிர்: ஆப்பிரிக்காவில் பிறந்து மிகப் பழங்காலத்திலேயே நம்மிடம் வந்தது, பல நூற்றாண்டு கழித்து அட்லாண்டிக்கையும் கடந்தது. தென்மாநிலங்களில் புத்தாண்டு அன்று காராமணியும் சோறும் சேர்த்துச் சமைப்பது வழக்கம். ஹாப்பின் ஜான் என்று பெயர்.

அரிசி விஷயம் மட்டும் கொஞ்சம் சிக்கல். கரோலினாவின் நெல் சாகுபடி, மேற்கு ஆப்பிரிக்க நெல் விவசாயிகளின் அறிவில் எழுந்தது என்று ஜூடித் கார்னி 2001இல் ஒரு நூலில் வாதிட்டார். 2007இல் வேறு மூன்று வரலாற்றாசிரியர்கள், கப்பல் கணக்குகளை வைத்து அதை மறுத்தார்கள்: நெல் தெரிந்த பகுதியிலிருந்து வேண்டுமென்றே ஆட்களைப் பிடித்து வந்ததாகக் கணக்கு காட்டவில்லை என்பது அவர்கள் கட்சி. ஆனால் 18ஆம் நூற்றாண்டு சார்ல்ஸ்டனில், ‘நெல் கரையிலிருந்து’ வந்த ஆட்கள் என்று சொல்லியே மனிதர்களை விற்க விளம்பரம் போட்டிருக்கிறார்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு தரப்பையும் படியுங்கள். என் சாய்வு கார்னி பக்கம்தான். சேற்று நிலத்தில் மடை கட்டி, நெல்லை உரலில் குத்தி, முறத்தில் புடைத்துத் தவிடு நீக்கிய கைகள் அங்கே யாருடையவை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

சமையல் நூல்களைத் தவிர வேறு எதைப் பார்க்கலாம்?

பசியைப் பற்றிய பதிவுகளைப் பாருங்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாறு சேப்பல் ஹில் தளத்தில் முழுமையாக இருக்கிறது. வளர்ந்த அடிமைக்கு மாதம் எட்டு பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் சோளமாவு. அவ்வளவுதான் அளந்து கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு வேகவைத்த சோளக்களியை ஒரு மரத்தொட்டியில் கொட்டித் தரையில் வைப்பார்கள். பன்றிகளைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவார்கள். சிப்பி ஓட்டாலும் ஓட்டுச் சில்லாலும் வெறுங்கையாலும் அள்ளித் தின்னும் பிள்ளைகளில், வேகமாகத் தின்றதற்குத்தான் அதிகம் கிடைக்கும். மனம் நிறைந்து எழுந்தவர்கள் ஒருசிலரே என்று டக்ளஸ் எழுதுகிறார். இதைப் படித்த பிறகு ராண்டால்ஃபின் புட்டிங் குறிப்புகளைப் படித்தால் அந்தப் பக்கங்களே வேறாகத் தெரியும்.

1936 முதல் 1938 வரை அரசாங்கமே ஆட்களை அனுப்பி, அடிமைகளாக இருந்த முதியவர்கள் 2,300 பேருக்கு மேல் பேட்டி எடுத்தது. அவற்றில் சாப்பாடு பற்றிய நினைவுகள் கொட்டிக்கிடக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள், அதே ஊர்க்காரர்கள். பேசியவர்கள் கடும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வறுமையில் கிடந்த முதியவர்கள். ‘அந்தக் காலத்தில் நன்றாகச் சாப்பிட்டோம்’ என்று ஒருவர் சொன்னால், கேட்டது யார், சொன்னவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று யோசிக்க வேண்டும்.

அப்புறம், எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், கறுப்பினப் பயணிகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுக்கும் இடங்களைத் தொகுத்து 1936 முதல் கையேடு வெளியிட்டார். நியூயார்க் பொது நூலகத்தின் தளத்தில் பல ஆண்டுகளின் பிரதிகள் உள்ளன. ஏதாவது ஒரு தென்மாநிலத்தை எடுத்து, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் எத்தனை மைல் சோறில்லாமல் போக வேண்டும் என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வர்த் கடையின் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். பற்பசை முதலிய சாமான்களை அதே கடை அவர்களுக்கு விற்றது. காபி மட்டும் தரவில்லை. ஜூலையில்தான் அந்த மேடை எல்லோருக்கும் திறந்தது. அந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகம் கடிதங்களையும் பேட்டிகளையும் தொகுத்து வைத்திருக்கிறது.

‘ஆன்ட் ஜெமைமா’ பான்கேக் மாவுப் பெட்டியிலிருந்த கறுப்பினப் பெண்ணின் படத்தை ஏன் எடுத்தார்கள்? நல்ல முகமாகத்தானே இருந்தது?

அந்த முகம் ஒரு நாடகப் பாட்டிலிருந்து வந்தது. 1889இல் மிசூரியில் பான்கேக் மாவு விற்ற வெள்ளைக்காரர்கள், முகத்தில் கரி பூசி ஆடும் கூத்தில் கேட்ட பெயரை மாவுக்கு வைத்தார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில், கென்டகியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் அந்த வேடத்தில் நின்று பான்கேக் சுட்டுக் கொடுத்தார். தோட்ட முதலாளியின் வீட்டில் சந்தோஷமாகச் சமைத்த அடிமையின் ரகசியக் கைப்பக்குவம் என்று கதை கட்டி, தலைமுறை தலைமுறையாக விளம்பரம் செய்தார்கள். 2020இல் அறிவித்து, 2021இல் பெயரை மாற்றினார்கள். பழைய பத்திரிகை விளம்பரங்களைத் தேதி வாரியாக அடுக்கி, பக்கத்தில் ரஸ்ஸலின் முன்னுரையை வையுங்கள். ஒன்று, இல்லாத சமையல்காரிக்குப் புகழ் சேர்த்தது. மற்றது, இருந்த சமையல்காரியின் சொந்தச் சொல். அது 130 வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

இந்தப் புத்தகங்களில் நம் ஊர் வருகிறதா?

வருகிறது, பிரிட்டன் வழியாகச் சுற்றி. ராண்டால்ஃப் நூலில் ‘கிழக்கிந்திய முறை’ கறி ஒன்று உண்டு. இரண்டு கோழியை வெட்டி உப்புப் போட்டு வேகவைத்து, அரை பவுண்டு வெண்ணெயில் பூண்டும் வெங்காயமும் சிவக்க வதக்கி, கறிப் பொடி தூவ வேண்டும். பொடிக்கு மஞ்சள், கொத்தமல்லி விதை, சீரகம், சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, காயீன் மிளகாய், எல்லாம் ஒவ்வொரு அவுன்ஸ். மஞ்சளும் கொத்தமல்லியும் ஜாதிக்காயும் சம எடை! நம் வீட்டில் யாரும் அப்படித் திரிக்க மாட்டார்கள். நம் மிளகுத்தண்ணியும் ‘மல்லிகடாவ்னி’ என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நூல்களில் உண்டு. ஆனால் என் மனம் நிற்பது வேறிடத்தில். வர்ஜீனியாவில் அந்தக் கறியை அடுப்பில் ஏற்றியவர், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளையோ பேரப்பிள்ளையோ. மஞ்சள் கறை அவர் விரலில்தான் ஒட்டியிருக்கும்.

எப்படித் தேடுவது? எதைத் தேடினாலும் கிடைக்கவில்லையே?

பழைய சொற்களில் தேடுங்கள். சமையல் குறிப்புக்கு அன்று ‘ரெசிபி’ இல்லை, ‘ரெசீப்ட்’. ‘குக்கிங்’ என்பதைவிட ‘குக்கரி’, ‘டொமஸ்டிக்’, ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று போட்டால் நிறைய வரும். அமெரிக்க நூலகங்களின் பொருள் தலைப்புகளே ‘குக்கரி’யிலிருந்து ‘குக்கிங்’குக்கு மாறியது 2010இல்தான். இனப் பெயர்களும் அப்படியே. ‘நீக்ரோ’ என்ற தலைப்பு 1970களில் ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ ஆகி, 2000இல் ‘ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்’ ஆனது. பழைய அட்டைகளைப் படியெடுத்த பட்டியல்களில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: எழுதியவர் கறுப்பினத்தவர் என்று பல பட்டியல்கள் குறிப்பதே இல்லை. லப்டன் சேகரிப்பின் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு மற்ற தளங்களில் தேடுவதுதான் எளிது.

நூலகருக்கு மின்னஞ்சல் எழுதத் தயங்காதீர்கள். என்ன தேடுகிறீர்கள், ஏன் என்று நாலு வரி போதும்.

காசு கட்ட வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் நான் சொன்ன இணையச் சேகரிப்புகளுக்குக் கிடையாது. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு தாண்டிய நூல்களுக்குக் காப்புரிமையும் இல்லை. நேரில் போவதாக இருந்தால் முன்கூட்டியே புத்தகத்தைக் கேட்டு வையுங்கள். பேனா கூடாது, பென்சில்தான்.

இழிவான சொற்களும் படங்களும் நிறைய வருகின்றன. படிக்கவே கூசுகிறது.

கூச வேண்டும். கூசாமல் படிக்கப் பழகிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். மாணவர்களுக்குக் காட்டும்போது நான் அந்தப் படத்தைத் தனியாகக் காட்டுவதில்லை. அதே காலத்துக் கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் பக்கத்தைச் சேர்த்தே காட்டுவேன். ‘கொச்சை’ உச்சரிப்பில் எழுதப்பட்ட பேச்சை உரக்கப் படிக்கச் சொல்வதும் இல்லை. அது பெரும்பாலும் எழுதியவரின் காது. பேசியவரின் வாய் அல்ல.

ஜம்பர்லியைப் பற்றி இவ்வளவு பிரியமாகச் சொன்னீர்களே. அதுவும் எழுதியவர் காதுதானே?

நியாயமான கேள்வி. நானும் இதில் தடுமாறியிருக்கிறேன். ஃபிஷர் நூலில் பிழை வந்தது தெரியாமையால், கேலிக்காக அல்ல. தன் பெயரில், தன் புத்தகமாக அவர் அதை வெளியிட்டார். அடிமைகளாக இருந்த முதியவர்களின் பேட்டிகளில் அப்படி இல்லை. எப்படி எழுத வேண்டும் என்று எழுதியவர் முடிவு செய்தார். இருந்தாலும் ஜம்பர்லியைப் பற்றிப் பேசும்போது நான் ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லை விடுவதில்லை.

இந்தக் குறிப்புகளைச் சமைத்துப் பார்க்கலாமா?

கட்டாயம். அளவுகள்தான் தொல்லை: டீக்கோப்பை, ‘ஜில்’ என்ற பழைய முகத்தலளவு, முட்டை அளவு வெண்ணெய். சூடு எவ்வளவு என்றே இருக்காது. நான் அப்போக்வினிமிங்க் மாவை எங்கள் வீட்டுச் சின்ன இரும்பு உலக்கையில் இடித்துப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் மாவு உலக்கையோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. பத்தாவது நிமிடத்தில் வலது தோள் கடுக்கத் தொடங்கியது, கை மாற்றினேன். இருபதாவது நிமிடத்தில் மாவின் சத்தம் மாறியது. அதுவரை தொப் தொப் என்று விழுந்த உலக்கை, பிறகு மெத்தென்று அமுங்கியது. இழுத்தால் பட்டுப்போல நீண்டது. இந்த மாற்றத்தைப் புத்தகம் சொல்லவில்லை. இடித்தவருக்குத் தெரிந்திருக்கும். தினமும் இடித்தவருக்கு மணி பார்க்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காதது எது?

பெயர்கள். ராண்டால்ஃப் வீட்டு அடுப்படியில் நின்றவர் யார் என்று அவர் புத்தகத்தில் ஒரு பெயர்கூட இல்லை. ரஸ்ஸலின் முன்னுரைக்கு மறுபடி வருகிறேன். தான் ‘வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்’ முறைப்படி சமைப்பதாக அவர் சொல்கிறார், அதாவது மேலே பார்த்த ராண்டால்ஃபின் நூல். ஆனால் தொழில் கற்றது அந்தப் புத்தகத்திலிருந்து என்று சொல்லவில்லை. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஃபானி ஸ்டூவர்ட் என்ற கறுப்பினச் சமையல்காரரிடம் கற்றதாக எழுதுகிறார். ஒரே வரிதான். ஃபானி ஸ்டூவர்ட் எந்த வீட்டில் சமைத்தார், எப்போது இறந்தார், எதுவும் அதில் இல்லை. ஊர் திரும்பக் காசு சேர்ப்பதற்காக அச்சடித்த அந்த மெல்லிய புத்தகத்தில், ரஸ்ஸல் தன் குருவின் பெயருக்கு ஒரு வரி இடம் ஒதுக்கியிருக்கிறார். மிஷிகனில் இருக்கும் அந்த ஒரே பிரதியில் அந்தப் பெயர் இப்போதும் தெளிவாகத் தெரிகிறது.